துப்பாக்கியின் தலையெழுத்து

ஒரு பழைய ராணுவ ரைபிள். அதற்கு ஒரு விலை. அதே ரைபிளின் இடது பக்கத்து இரும்பில் ‘டி’ என்ற ஒரே ஓர் ஆங்கில எழுத்து குத்தியிருந்தால் விலை பல மடங்கு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்கள் அந்த ஓர் எழுத்துக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

எழுத்துக்கு இத்தனை மதிப்பு என்றால், எழுத்தைக் குத்துகிறவன் சும்மா இருப்பானா? ஒரு ‘டி’ அச்சு, ஒரு சுத்தியல், ஓங்கி ஓர் அடி. சாதாரண ரைபிள் ‘ஸ்னைப்பர்’ ரைபிள் ஆகிவிடும். அதனால்தான் இரும்பில் உள்ள எழுத்துக்களைப் படித்து அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் யாரும் ராணுவ ரைபிளை ஆசைக்கு வாங்கி வீட்டில் மாட்ட முடியாது. சட்டம் விடாது. ஆனால் சோர் பஜாரில் ‘மிலிட்டரி டெலஸ்கோப்’ என்று சொல்லி ஒரு பித்தளைக் குழாயை நம் தலையில் கட்டுகிறார்கள். தாராவி 13வது காம்பவுண்டில் பங்கார் மூட்டையை அவிழ்த்தால் என்ன வரும், என்ன வராது என்று யாருக்கும் தெரியாது. எழுத்துப் பொறித்த ஓர் இரும்புத்துண்டு அதில் வந்துவிட்டால், பிரித்துக்கொண்டிருக்கிற தொழிலாளிக்குத்தான் தலைவலி. விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

உள்ளானும் ஸ்னைப்பரும்

‘ஸ்னைப்பர்’ என்ற சொல் பிறந்தது நம் நாட்டில்தான். வயலில் தண்ணீர் நிற்கும்போது வருமே, உள்ளான் குருவி, அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்னைப்’ என்று பெயர். சேற்றின் நிறத்தோடு நிறமாக உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் சட்டென்று எழும்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவது லேசான காரியம் இல்லை. 18ம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ‘உள்ளான் வேட்டைக்குப் போனோம்’ என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தச் சொல்தான் பிறகு, மறைந்திருந்து ஒரே குண்டில் ஆளை வீழ்த்தும் சிப்பாய்க்குப் பெயராகிவிட்டது.

அந்தச் சிப்பாயின் கையில் பல ஆண்டுகள் இருந்தது, நாம் எல்லோரும் பார்த்திருக்கிற ‘திரீ நாட் திரீ’யின் அண்ணன் தம்பி ஒன்றுதான். திரீ நாட் திரீயைத் தெரியாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். பந்தோபஸ்து போலீசார் தோளில் தொங்கிய கட்டைத் துப்பாக்கி அது. 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. ரெயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் தானியங்கித் துப்பாக்கிகளோடு புகுந்தபோது, ரெயில்வே பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஜில்லு யாதவ், சக காவலர் ஒருவரிடம் இருந்து வாங்கிச் சுட்டதும் அதைத்தான். உத்தரப்பிரதேச போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

அதன் முழுப்பெயர் லீ-என்பீல்டு. அதில் ‘நம்பர் 4, மார்க் 1’ என்று ஒரு ரகம். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் தயாரானது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது மற்றவற்றைவிட நன்றாகக் குறி தப்பாமல் சுடுகிற ரைபிள்களை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். அவற்றை 1942 முதல் லண்டனில் உள்ள ‘ஹாலண்ட் அண்டு ஹாலண்ட்’ கம்பெனிக்கு அனுப்பினார்கள். அது நம் மகாராஜாக்களுக்குப் புலிவேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்த கம்பெனி. அங்கே இரண்டு இரும்புத் திண்டுகளைத் திருகாணி போட்டு, பற்றவைத்து, ரைபிளின் இடது பக்கத்தில் பொருத்தினார்கள். அதன்மேல் ஒரு தாங்கி. தாங்கியில் டெலஸ்கோப். கன்னத்தை வைத்துக்கொள்ளப் பின்கட்டையில் ஒரு மரத்துண்டு. இப்படி 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட ரைபிள்கள் மாற்றப்பட்டன. இவைதான் ‘நம்பர் 4 டி’. ‘டி’ என்றால் டெலஸ்கோப்.

நமது ராணுவமும் சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் இவற்றை வைத்திருந்தது. அதன்பின் ரஷியாவின் டிராகுனோவ் வந்தது. 2019ல் காஷ்மீர் எல்லைக்கு இத்தாலியின் பெரெட்டாவும் அமெரிக்காவின் பாரெட்டும் வந்தன.

எங்கே என்ன எழுத்து?

இப்போது எழுத்துக்கு வருவோம். அசலான ‘டி’ ரைபிள் ஒன்றைக் கையில் எடுத்தால் எழுத்து ஓர் இடத்தில் மட்டும் இருக்காது.

உடம்பின் இடது பக்கத்தில் ‘டி’. அதற்குப் பின்னால், கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில், பெரும்பாலும் ‘டி.ஆர்.’ என்று இருக்கும். தொழிற்சாலையில் இதைத் தேர்ந்தெடுத்தபோதே குத்தியது அது. அங்கேயே ரைபிளின் சொந்த எண்ணும், செய்த ஆண்டும், செய்த இடத்தின் அடையாளமும் இருக்கும். பின்கட்டையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ‘எஸ் 51’ என்று சின்னதாக ஒரு குத்து.

இந்த ‘எஸ் 51’க்கு ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் எந்தக் கம்பெனி எந்த ஊரில் என்ன செய்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் விமானம் வந்து குண்டு போட்டுவிடும். அதனால் ஆயுதங்களில் கம்பெனியின் பெயரைப் போடாமல் சங்கேத எண் கொடுத்தார்கள். இங்கிலாந்தை மூன்றாகப் பிரித்து, வடக்கே ‘என்’, நடுவே ‘எம்’, தெற்கே ‘எஸ்’ என்று வைத்தார்கள். லண்டன் தெற்கு. அதனால் ஹாலண்ட் அண்டு ஹாலண்டுக்கு ‘எஸ் 51’. ‘எம் 47 சி’ என்று இருந்தால் பர்மிங்காமை அடுத்த ஷெர்லியில் உள்ள பி.எஸ்.ஏ. தொழிற்சாலை. நம் அப்பாக்கள் காலத்தில் மோட்டார்சைக்கிளுக்குப் பேர்போன அதே பி.எஸ்.ஏ.தான். ‘டி’ ரைபிள்களில் பெரும்பகுதி அங்கே செய்யப்பட்டவை.

எதிரிக்கு மறைக்க வைத்த எண், இன்று போலியைப் பிடித்துக் கொடுக்கிறது. வேறு தொழிற்சாலையின் எண் உள்ள ரைபிளில் ‘டி’ இருந்தால் தெரிந்தவர்கள் உடனே புருவத்தை உயர்த்துவார்கள். இருக்கவே கூடாது என்பதில்லை. என்பீல்டு தொழிற்சாலையே ஆரம்பத்தில் கொஞ்சம் செய்தது. கனடாவில் உள்ள லாங் பிராஞ்ச் தொழிற்சாலையும் தனியாகச் செய்தது. ஆனால் அங்கிருந்து வந்தது என்றால் அதற்குரிய மற்ற அடையாளங்களும் இருக்க வேண்டும்.

இரண்டு ஜோடி எண்கள்

எழுத்தைவிட முக்கியம் எண்கள். ரைபிளின் எண் அதன் உடம்பில் இருக்கிறது. அதே எண் டெலஸ்கோப் தாங்கியிலும் குத்தப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் திண்டுகளை அந்தந்த ரைபிளின் குழலுக்கு நேராகச் சரி செய்து பொருத்தியதால், ஒன்றின் தாங்கி இன்னொன்றில் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் குறி தப்பும். டெலஸ்கோப்புக்கு வேறோர் எண் உண்டு. அந்த எண்ணைப் பின்கட்டையின் மேல்பக்கம், கை பிடிக்கிற கழுத்தில், மரத்தில் குத்தியிருப்பார்கள். டெலஸ்கோப் உடைந்து வேறு மாட்டினால் பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டுப் புது எண்ணைக் குத்துவார்கள்.

ஆக, இரும்போடு இரும்பு ஒரு ஜோடி. மரத்தோடு கண்ணாடி ஒரு ஜோடி.

ரெயில்வேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். யார்டில் சரக்கு வாகனின் பக்கவாட்டில் 11 இலக்க எண் இருக்கிறது. என்ன ரக வாகன், எந்த ரெயில்வேக்குச் சொந்தம், எந்த ஆண்டில் செய்தது என்று அத்தனையும் அதில் அடக்கம். கடைசி இலக்கம் கணக்கைச் சரிபார்க்க என்றே வைத்தது. முன்னால் உள்ள பத்தில் ஒன்றைத் தப்பாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். ரைபிளுக்கு அப்படி ஓர் இலக்கம் கிடையாது. மரத்தில் உள்ள எண்தான் அந்த வேலையைச் செய்கிறது.

மரத்திலும் பொய் எண் குத்தலாமே என்றால், குத்துகிறார்கள்தான். அங்கேதான் கண் வேண்டும். 80 வருஷமாக எண்ணெயும் வியர்வையும் ஊறிய மரத்தில், பழைய குத்தின் ஓரங்கள் மழுங்கி உள்ளே அழுக்கு இறுகியிருக்கும். நேற்றுக் குத்தியது விளிம்பு கூராக, உள்ளே வெளுப்பாக இருக்கும். இரும்பிலும் அப்படித்தான். மேல்பூச்சுக்கு முன்னால் குத்திய எழுத்தின் குழியிலும் கறுப்பு இறங்கியிருக்கும். பின்னால் குத்தியது பூச்சைக் கிழித்துக்கொண்டு தெரியும். பட்டறையில் பஞ்ச் அடித்துப் பழகிய நம் மாதுங்கா ஒர்க்‌ஷாப்காரர்களிடம் கொடுத்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

எழுத்தே இல்லாத அடையாளம் ஒன்றும் உண்டு. சாதாரண நம்பர் 4 ரைபிளின் பின்குறியில், அவசரத்துக்குச் சுட என்று ஒரு பெரிய துளை உள்ள தகடு இருக்கும். டெலஸ்கோப்புக்கு அது இடிக்கும் என்பதால் ‘டி’ ரைபிளில் அதை ராவி எடுத்துவிட்டார்கள். போலி செய்கிறவர்களில் பலர் எழுத்தைக் குத்துகிற அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரஷியாவில் கதை தலைகீழ். போர் முடிந்ததும் அவர்கள் மோசின் ஸ்னைப்பர் ரைபிள்கள் பலவற்றில் இருந்து டெலஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்து, சாதாரண ரைபிளாக்கிவிட்டார்கள். சாதாரண விலைக்கு வாங்கியவன் குழலின் அடியில் கோடு கிழித்த டெலஸ்கோப் எண்ணையும், அடைத்த துளைகளையும் பார்த்துவிட்டால் அவனுக்கு லாட்டரி. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை 1945 வாக்கில் ‘எச்.டி.’ என்று ஒரு ரகம் செய்தது. கனமான குழல், அதன்மேல் டெலஸ்கோப். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான். அதனால் அதற்குப் போலி அதிகம்.

நம் நாட்டு முத்திரை

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இஷாபூர். 18ம் நூற்றாண்டில் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய இடம் 1904ல் ரைபிள் தொழிற்சாலை ஆனது. இங்கிலாந்து நம்பர் 4க்கு மாறியபோதும் இஷாபூர் மாறவில்லை. பழைய ‘நம்பர் 1 மார்க் 3’ ரகத்தையே போர் முடியும் வரையும், அதற்குப் பிறகும் செய்தது. இங்கே நம் போலீசார் வைத்திருந்தவை பெரும்பாலும் அந்த ரகம்.

சுதந்திரத்துக்கு முன் செய்தவற்றில் கிரீடம், அதன்கீழே ‘ஜி.ஆர்.ஐ.’ என்று இருக்கும். இங்கிலாந்தில் செய்தவற்றில் வெறும் ‘ஜி.ஆர்.’ தான். கடைசி ‘ஐ’ சக்கரவர்த்தி என்பதற்கு. ஜார்ஜ் மன்னர் அவர்களுக்கு ராஜா, நமக்கு மட்டும் சக்கரவர்த்தி! குடியரசு ஆன பிறகு கிரீடம் போய் அசோகரின் சிங்கம் வந்தது. அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். அதோடு ‘ஐ’ சேர்ந்திருந்தால் இந்திய அரசாங்கத்தின் சொத்து. இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றால் அரசாங்கமே விற்றுவிட்டது என்று அர்த்தம்.

இஷாபூர் ரைபிள்களில் மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி ஓடும். கட்டை பிளக்காமல் இருக்க இங்கே போட்டது அது. முன்கட்டையில் கம்பி சுற்றியிருந்தால் கையெறி குண்டை ஏவுவதற்காக ஒதுக்கியது. ‘டி.பி.’ என்று இருந்தால் கவாத்துக்கு மட்டும், சுட உதவாது. என்.சி.சி.யில் இருந்த பையன்களுக்கு இது தெரியும். ‘7.62 மி.மீ. 2ஏ1’ என்று இருந்தால் 1965க்குப் பிறகு செய்த புது அளவு.

இன்னொன்றும் உண்டு. தூரத்தில் பார்த்தால் அச்சாகத் திரீ நாட் திரீ. ஆனால் உள்ளே குழலைக் கடைந்து அகலமாக்கி, மேகசின் இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று மாற்றியிருப்பார்கள். போலீசாருக்கும் காவலாளிகளுக்கும் வெள்ளைக்காரன் கொடுத்த .410 மஸ்கட் அது. நம்மவர் கையில் நல்ல ரைபிளைக் கொடுக்க அவனுக்குப் பயம்.

இஷாபூரும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழே இருக்கின்றன. திருச்சியில் 2007ல் தயாரான ‘வித்வன்சக்’, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வண்டியையும் துளைக்கிற பெரும் ரைபிள். அது வேறு கட்டுரைக்கு.

போலிக்குப் பேர்போன ஊர் பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே உள்ள தர்ரா ஆதம் கேல். கடைத்தெருவிலேயே அரமும் சுத்தியலும் வைத்து எந்தத் துப்பாக்கியையும் செய்து கொடுப்பார்கள். முத்திரையையும் சேர்த்துத்தான். ஆனால் ஆங்கிலம் தெரியாத கை. ‘என்’ எழுத்து திரும்பி நிற்கும். விக்டோரியா ராணியின் முத்திரைக்குக் கீழே 1919 என்று ஆண்டு இருக்கும். ராணி செத்தது 1901ல்! ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 1898லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைத்தான் ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று விதி இருந்தது. உடனே அந்தப் பகுதிக் கடைகளில் எல்லாம் அதற்கு முந்திய ஆண்டு போட்ட துப்பாக்கிகள் குவிந்துவிட்டன.

சோர் பஜார் பித்தளை

நம் ஊருக்கு வருவோம். சோர் பஜார் மட்டன் தெருவில் பித்தளை டெலஸ்கோப் இல்லாத கடை குறைவு. ‘லண்டன் 1915’, ‘ராயல் நேவி’ என்று கொட்டை எழுத்தில் செதுக்கியிருக்கும். சுருள் சுருளாகப் பூவேலை வேறு. இவற்றில் பெரும்பகுதி வடநாட்டுப் பட்டறைகளில் இன்றைக்கும் செய்கிற புதுச் சரக்கு. அலமாரியில் அழகுக்கு வைக்க நூறு, இருநூறு கொடுத்து வாங்கினால் தப்பில்லை. ‘சண்டையில் வந்தது’ என்ற பேச்சை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கிறவர்கள்தான் பாவம்.

ஸ்னைப்பரின் துணையாள் வைத்திருந்த அசல் டெலஸ்கோப் எப்படி இருக்கும்? குழாய்க்குத் தோல் உறை. பித்தளையை மங்கலாக்கியிருப்பார்கள். சண்டைக்களத்தில் பளபளவென்று மின்னினால் வைத்திருக்கிறவன் உயிர் போய்விடும் அல்லவா? இதை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் போலி கழிந்துவிடும். உள்குழாயில் ‘டெல். எஸ்.சி.டி. ரெஜிட். மார்க் 2 எஸ்’ என்று சுருக்கெழுத்தில், செய்த கம்பெனி, ஆண்டு, ஓர் எண், ஓர் அம்பு. அவ்வளவுதான். பூவேலை கிடையாது. ராணுவம் அலங்காரத்துக்குக் காசு கொடுக்காது. ஒரே கடையில் இரண்டு டெலஸ்கோப்பில் ஒரே எண்ணைப் பார்த்தால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். டெலஸ்கோப் வைத்திருக்க லைசென்சு வேண்டாம். போவது பணம் மட்டும்தான்.

பங்கார் மூட்டையில் வந்தால்

துப்பாக்கி அப்படி இல்லை. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ராணுவத் தோட்டா போடுகிற .303, 7.62 ரைபிள்கள் சாதாரண லைசென்சில் கிடைக்காத ரகம். அந்த .410 மஸ்கட்டும் அப்படித்தான். ‘பழங்காலச் சாமான் சாப், சட்டம் இதற்குக் கிடையாது’ என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. பழசாக இருந்தால் மட்டும் போதாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் சட்டம் விலக்குத் தருகிறது. நூறு வயதான திரீ நாட் திரீ இன்றும் சுடும்.

அதே சட்டத்தின் 8வது பிரிவு எழுத்தைப் பற்றியே பேசுகிறது. துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் பொய்யாகக் குத்துவதும் குற்றம். எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் குற்றம். பங்கார் கடையில் பயந்துபோய், ‘எண்ணை ராவிவிட்டு உருக்கப் போட்டுவிடு’ என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அந்த யோசனையைக் கேட்டால், ஒன்றும் அறியாதவன் குற்றவாளி ஆகிவிடுவான்.

ராவினாலும் எண் எளிதில் போகாது. குத்தும்போது அடி மேலே மட்டும் விழுவதில்லை. எழுத்துக்குக் கீழே உள்ள இரும்பும் நசுங்கி இறுகிவிடுகிறது. சான்டாகுரூஸ் கலீனாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில், ராவிய இடத்தை வழவழப்பாக்கி அமிலக் கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வேறு வேறு வேகத்தில் அரிபடும். கொஞ்ச நேரத்தில் எண் நிழல்போல மேலே எழுந்து வரும். ரொம்ப ஆழமாக ராவியிருந்தால்தான் வராது.

அதனால் மூட்டையில் குழலோ, போல்ட்டோ, அம்பும் எண்ணும் குத்திய இரும்போ வந்தால் வெட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, காஸ் அடுப்பருகே கொண்டுபோகக் கூடாது. ராணுவக் கழிவில் வெடிக்காத குண்டும் சேர்ந்து வருவது உண்டு. 2004ல் டெல்லி அருகே சாஹிபாபாத் உருக்காலையில் வெளிநாட்டுக் கழிவு இரும்பில் கிடந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, 112க்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். மூட்டை எந்தக் கடையில் இருந்து வந்தது, எடைச்சீட்டு எங்கே என்று முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீசார் வந்து பஞ்சநாமா எழுதும்போது துப்பாக்கியில் உள்ள எண்ணை அப்படியே அதில் எழுதச் சொல்லுங்கள். மராட்டியில் எழுதியிருப்பதை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.